பச்சைமலைக்குச் செல்லும் சனிக்கிழமைப் பேருந்து

திருச்சிராப்பள்ளியைக் கல்லூரிகளின் நகரம் என்றழைத்தால் அது மிகையாகாது. 1844-ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-இல் இந்நகருக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி மலைக்கோட்டைக்கு அண்மையில் நிற்கிறது. பெண்களுக்கென 1923-இல் தொடங்கப்பெற்ற ஹோலி கிராஸ் கல்லூரி, 1951-இல் எழுந்த ஜமால் முகமது கல்லூரி, 1966-இல் வந்த பிஷப் ஹீபர் கல்லூரி எனப் பட்டியல் நீளும். தஞ்சைச் சாலையில் துவாக்குடியை அடுத்து, 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி, 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்த நிறுவனமும் இந்நகருக்கே பெருமை சேர்க்கிறது. இராமேசுவரத்தில் பிறந்து, பின்னாளில் குடியரசுத் தலைவராய் விளங்கிய அப்துல் கலாம் அவர்கள் 1954-இல் இயற்பியலில் பட்டம் பெற்றதும் இந்நகரில், தூய வளனார் கல்லூரியில்தான்.

நம் பங்குகளிலிருந்தும் ஆண்டுதோறும் பிள்ளைகள் பெட்டி படுக்கையுடன் இந்நகருக்கு வந்து சேருகின்றனர். ஆயினும், இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், இதே மாவட்டத்திலேயே, எட்டாம் வகுப்பில் அமர்ந்திருந்தும் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கவியலாத சிறார் உள்ளனர். நகருக்கும் அச்சிறாருக்கும் இடையே ஒரு பேருந்து ஓடுகிறது. சனிக்கிழமைதோறும் அதில் ஏறிச் செல்லும் சில கல்லூரி மாணவருடன் நாமும் ஒருநாள் சென்று வந்தோம். கண்டதையும் கேட்டதையும் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே நம் நோக்கம்.

நம்மை அழைத்தவர் நமது பங்கைச் சேர்ந்த ஒரு மாணவி. கொத்தனார் ஒருவரின் மகள். அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள். கணிதத்தில் மூன்றாம் ஆண்டு பயில்பவர். கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, "ஃபாதர், ஒரு சனிக்கிழமை எங்களோடு வாருங்கள். மலையையும் பார்க்கலாம், பிள்ளைகளையும் பார்க்கலாம்" என்றார். தை மாதத்தில் நாம் அவ்வாறே புறப்பட்டோம்.

மலைக்குப் போகும் வழி

காலை ஆறு மணிக்கெல்லாம் சத்திரம் பேருந்து நிலையத்தில் எண்மர் கூடியிருந்தனர். ஐவர் பெண்கள், மூவர் ஆண்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துணிப்பை. அதனுள் கோடிட்ட நோட்டுகள், சுண்ணக்கட்டி, பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகள், மதியத்திற்கான புளிச்சோறு. துறையூர் செல்லும் பேருந்தில் ஏறினோம்.

காவிரியைக் கடந்து, திருவரங்கத் தீவின் தென்னைகளை விட்டுக் கொள்ளிடத்தையும் கடந்தால், முதலாம் எண் சுங்கச்சாவடி. அங்கிருந்து வடமேற்கே திரும்பும் சாலையில் மண்ணச்சநல்லூர் வருகிறது. அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். உமியின் மணம் பேருந்துக்குள்ளும் வீசிற்று. அடுத்துத் திருவெள்ளறை. வெண்பாறைக் குன்றின்மேல் அமைந்த தொன்மையான பெருமாள் கோயிலும், பல்லவர் காலத்தில் நான்கு கைகளாக மடக்கி அமைத்த சுவஸ்திகக் கிணறும் அவ்வூரின் சிறப்புகள். புலிவலம் தாண்டித் துறையூரின் பெரிய ஏரி கண்ணில் பட்டபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

துறையூரில் இறங்கி, மலைப் பேருந்துக்குக் காத்திருந்தோம். உப்பிலியபுரம், சோபனபுரம் வழியாக அடிவாரத்தை அடைந்த அவ்வண்டி, வளைந்து வளைந்து மேலேறியது. வயல்கள் தாழ்ந்து மறைய, இலையுதிர்க் காடுகள் இருபுறமும் சூழ்ந்தன. மேற்கே கொல்லிமலை நீலமாய்த் தெரிந்தது. பள்ளத்தாக்கில் மூடுபனி கலைந்துகொண்டிருந்தது. உடன்வந்தோர் எவரும் சன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. அன்றைய பாடத்தைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தனர். அவர்கட்கு இம்மலை புதிதன்று.

மலையும் மக்களும்

பச்சைமலை திருச்சி, பெரம்பலூர், சேலம் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 1,000 மீட்டர் வரை உயரம் உடையது. மங்களம் அருவி, கோரையாறு அருவி, மயிலூற்று அருவி என நீர்வீழ்ச்சிகள் இங்குண்டு. கோடையிலும் மழைக்காலத்திலும் அவற்றைக் காண நகரத்தார் வருகின்றனர். அருவியில் நீராடி, பலாப்பழம் வாங்கிக்கொண்டு, மாலைக்குள் இறங்கிவிடுகின்றனர். ஊர்களுக்குள் எவரும் செல்வதில்லை.

இங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரளத்தாருக்கும் இவர்கட்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே இப்பெயரின் பொருள். தமிழே இவர்தம் தாய்மொழி. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்தனர் என்றும், உடன்பிறந்தார் மூவர் மூன்று மலைகளில் குடியேறினர் என்றும் தம் மரபைக் கூறுகின்றனர். சாமையும் தினையும் இவர்கள் முன்னோர் விளைத்தவை. இன்று சரிவெங்கும் மரவள்ளிதான் நிற்கிறது. கிழங்கு மூட்டைகள் சேகோ ஆலைகளுக்கு லாரிகளில் இறங்குகின்றன. விலை ஓராண்டு உயரும். மறு ஆண்டு வீழும். வீழ்ந்த ஆண்டில் கணவனும் மனைவியும் கீழ்நாட்டிற்கோ கேரளத் தோட்டங்களுக்கோ கூலிக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் பாட்டியிடம் இருப்பர். அல்லது உடன் செல்வர். உடன் செல்லும் பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை இராது.

பேருந்து நின்ற இடத்திலிருந்து ஒரு கல் தொலைவு நடந்தோம். முப்பது நாற்பது வீடுகள் கொண்ட சிற்றூர். வேப்பமரத்தடியில் ஓட்டுக் கூரையுடன் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். இதைக் குறை என்று சொல்வதற்கில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பதே விதி. பிள்ளைகள் குறைவாக உள்ள மலையூரில், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளைக் கவனிக்க வேண்டியதாகிறது. ஒருவர் பயிற்சிக்கோ அலுவலகத்திற்கோ சென்றுவிட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலைமேல் விழும். அந்நிலையில் பின்தங்கிய பிள்ளை பின்தங்கியே இருக்கும். எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சியில் தடையில்லாததால், அப்பின்தங்கல் வெளியே தெரிவதும் இல்லை.

தலைமையாசிரியர் விடுமுறை நாளென்றும் பாராமல் வந்து பள்ளியைத் திறந்துவிட்டிருந்தார். அவர் நம்மிடம் சொன்னார்: "இவர்கள் எங்கள் வேலையைப் பிடுங்க வரவில்லை, சாமி. எங்களால் எட்ட முடியாத பிள்ளையின் பக்கத்தில் உட்கார வருகிறார்கள்."

எழுத்தும் எண்ணும்

அன்று வந்திருந்த சிறார் பத்தொன்பது பேர். நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பயில்வோர். ஆறு முதல் எட்டு வரை உள்ளோர் வார நாள்களில் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்கு நடந்து செல்பவர்கள். ஆனால் திண்ணையில் அவர்கள் வகுப்புவாரியாக அமரவில்லை. எழுத்தை மட்டும் அறிந்தோர் ஒரு குழு. சொல் வரை வாசிப்போர் ஒரு குழு. பத்தி வாசிப்போர் ஒரு குழு. கதை வாசிப்போர் ஒரு குழு. ஏழாம் வகுப்புச் சிறுவன் நான்காம் வகுப்புச் சிறுமியின் அருகில் அமர்ந்திருந்தான். முதல் வாரத்தில் அவன் வெட்கப்பட்டானாம். இப்போது அவளுக்கு முன் சொல்லைக் கண்டுபிடிக்கும் போட்டியில் அதை மறந்துவிட்டான்.

இவ்வாறு வாசிப்பு நிலையை அளந்து குழு பிரிப்பது இம்மாணவர் கண்டுபிடித்த முறையன்று. 1995-இல் மும்பையில் தொடங்கிய பிரதம் என்னும் அமைப்பு இதை நாடெங்கும் பரப்பியது. 2005 முதல் அவ்வமைப்பின் துணையுடன் எடுக்கப்படும் ஏசர் கணக்கெடுப்பில், வீடுவீடாய்ச் சென்று எழுத்து, சொல், பத்தி, கதை எனப் படிப்படியாகக் கொடுத்துச் சிறாரின் திறனை அளக்கின்றனர். தமிழ்நாடு அரசும் 2022-இல் கொணர்ந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், சிறாரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்தது. பிள்ளை எங்கு நிற்கிறதோ அங்கிருந்து கைப்பிடித்து நடத்த வேண்டும் என்பதே இவையனைத்தின் சாரம்.

எழுத்துக் குழுவின் அருகில் சிறிது நேரம் நின்றோம். 'கொடி' என்னும் சொல்லில் ஒரு சிறுவன் திணறினான். அவன் இடமிருந்து வலமாகப் பார்க்கிறான். முதலில் கண்ணுக்குப் படுவது கொம்பு, பின் ககரம், பின் கால். மூன்றையும் தனித்தனியே ஒலிக்க முயன்று தோற்கிறான். எழுத்துக்கு முன்னே நிற்கும் குறியை எழுத்துக்குப் பின்னே ஒலிக்க வேண்டும் என்பதை எவரும் அவனுக்குப் பொறுமையாய்க் காட்டியதில்லை. மாணவர் மூன்று அட்டைகளை எடுத்து, ககரத்தின் இருபுறமும் கொம்பையும் காலையும் கைகளைப்போல் சேர்த்து, "இரண்டு கையும் பிடித்திருந்தால் ஒரே ஒலி" என்றார். பின் ஒற்றைக் கொம்பை எடுத்துவிட்டு இரட்டைக் கொம்பை வைத்தார். 'கொ' 'கோ' ஆயிற்று.

நமக்கு அப்போது வீரமாமுனிவரின் நினைவு வந்தது. பழைய ஏட்டெழுத்தில் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்தறிவது கடினமாயிருந்த காலத்தில், அவற்றைத் தெளிவாக வேறுபடுத்தும் வரிவடிவத்தைப் பரப்பிய பெருமை அவருக்கே உரியதாகக் கூறுவர். இத்தாலியில் பிறந்து தமிழில் தேம்பாவணி பாடிய அப்பெரும்புலவர், தமிழ் கற்கத் திணறுவோரின் துன்பத்தைத் தாமே பட்டறிந்தவர். எளியோர்க்கு எழுத்தை எளிதாக்குவது சிறு பணியன்று.

கணக்குக் குழுவில் நம் பங்கு மாணவியே அமர்ந்திருந்தார். 52-இலிருந்து 37-ஐக் கழிக்கச் சொன்னார். ஒரு சிறுமி 25 என எழுதினாள். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து. ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதே கழித்தல் என்று அவள் பதியவைத்துக் கொண்டிருக்கிறாள். மாணவி அதைத் தவறு என்று அடிக்கவில்லை. ஐந்து ஈர்க்குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவள்முன் வைத்து, "முப்பத்தேழு கொடு" என்றார். சிறுமி மூன்று கட்டுகளை நகர்த்தினாள். ஏழு குச்சிக்கு உதிரியில் இரண்டுதான் இருந்தன. சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒரு கட்டின் நூலைத் தானே அவிழ்த்தாள். 'கடன் வாங்குதல்' என்று நாமெல்லாம் மனப்பாடமாய்ச் சொன்ன சொல்லின் பொருள், நூல் அவிழ்ந்த அக்கணத்தில் அவளுக்கு விளங்கிற்று. மீதி ஒரு கட்டும் ஐந்து குச்சிகளும். பலகையில் 25-ஐ அழித்து 15 எனத் திருத்தினாள்.

இன்னொரு சிறுவன் கோடையில் சாலையோரம் பலாச்சுளை விற்பவன். "ஒரு பொட்டலம் முப்பது ரூபாய். நான்கு வாங்கிக்கொண்டு இருநூறு தந்தால் மீதி என்ன?" என்று நாம் வினவினோம். "எண்பது" என்று இமைப்பதற்குள் விடை வந்தது. அதையே 200-இலிருந்து 120-ஐக் கழி என்று பலகையில் எழுதியபோது, அவன் எழுதிய விடை 120. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலைசெய்யும் சிறாரை ஆய்ந்து 2025-இல் வெளியான அறிக்கையும் இதனையே கூறுகிறது. கடைக்கணக்கில் வல்லவரான அச்சிறார், ஏட்டுக் கணக்கில் தடுமாறுகின்றனர். இவர்கட்கு அறிவு குறைவு என்று எவரும் சொல்லவியலாது. சந்தையிலிருந்து ஏட்டுக்கு வரும் பாதையைக் காட்ட அருகில் ஓர் ஆள் இல்லை என்பதே குறை.

"எத்தனை நாளைக்கு வருவீங்க?"

நண்பகல் உணவுக்குப்பின் ஒரு நிகழ்ச்சி. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தந்தை வந்து திண்ணையின் ஓரத்தில் குந்தியிருந்தார். ஆடித் திங்களில் அச்சிறுமி சொல் குழுவில் இருந்தவள். அன்று கதைக் குழுவில் ஒரு முழுப் பக்கத்தை உரக்க வாசித்தாள். தந்தை கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் நம் பங்கு மாணவியை நோக்கி, "நீங்க எத்தனை நாளைக்கு வருவீங்க, பாப்பா?" என்றார்.

அக்கேள்வியின் பின்னே ஒரு வரலாறு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்திலிருந்து இளைஞர் சிலர் இவ்வூருக்கு வந்தனராம். பையும் இனிப்பும் கொடுத்தனர், படம் எடுத்துக்கொண்டனர், பாட்டும் கற்பித்தனர். அடுத்த வாரமும் வருவோம் என்றனர். நான்கு வாரங்கள் வந்தனர், பின் வரவில்லை. ஐந்தாவது சனிக்கிழமையும் ஆறாவது சனிக்கிழமையும் பிள்ளைகள் தலைவாரிக்கொண்டு இவ்வேப்பமரத்தடியில் மாலை வரை காத்திருந்தனர். "பசி எடுத்தும் வீட்டுக்கு வரல, சாமி. நாங்கதான் கூட்டிக்கிட்டு போனோம்" என்றார் அத்தந்தை. குரலில் கோபமில்லை. அதுவே நம்மை அதிகம் வருத்திற்று.

அவருடைய கவலை தெளிவானது. சித்திரை பிறந்தால் அவரும் மனைவியும் தோட்ட வேலைக்குச் செல்ல வேண்டும். மகளை உடன் அழைத்துச் சென்றால் ஒரு கூலி கூடும். ஒன்பதாம் வகுப்பு இராது. விட்டுச் செல்வதானால் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அங்கு உணவும் இருப்பிடமும் இலவசம். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளையை அங்கு விட்டு, அது அழுதுகொண்டு திரும்பி வந்தால்? இவர்கள் தொடர்ந்து வருவார்களா, மகள் தாக்குப்பிடிப்பாளா என்பதே அவர் கேட்டது.

மாணவி பொய் சொல்லவில்லை. "சித்திரையில் எனக்குப் பரீட்சை முடிந்துவிடும், ஐயா. அதற்குப் பிறகு நான் வரமாட்டேன். இவள் வருவாள்" என்று அருகிலிருந்த முதலாமாண்டு மாணவியைக் காட்டினார். அப்பெண் பொங்கலுக்கு முன்பிருந்தே ஒவ்வொரு சனிக்கிழமையும் உடன் வந்து, பிள்ளைகளின் பெயரையும் அவரவர் தடுமாறும் இடத்தையும் அறிந்திருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு நோட்டு இருந்தது. பிள்ளைக்கு ஒரு பக்கம். 'றகரமும் ரகரமும் குழம்புகின்றன', 'வகுத்தலில் மீதி வந்தால் நிறுத்திவிடுகிறாள்' என வாரவாரம் எழுதப்பட்ட குறிப்புகள். ஆள் மாறினாலும் பாடம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மேலும், ஊரிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருவர் வாரத்தில் ஐந்து மாலை பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் செய்கிறார். மாணவர்கள் சனிக்கிழமை தொடங்குவதை அவர் வெள்ளி வரை காத்துக்கொடுக்கிறார். அவரில்லையேல் சனிக்கிழமை வகுப்பு மணலில் எழுதிய எழுத்தே என மாணவரும் ஒப்புக்கொண்டனர்.

தலைமையாசிரியர் உறைவிடப் பள்ளியின் விண்ணப்பப் படிவத்தை எடுத்து வந்தார். தந்தை அதை வாங்கி, தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்து, மகளிடம் நீட்டினார். "நீயே எழுது" என்றார். அவள் திண்ணையில் குனிந்து எழுதத் தொடங்கினாள். தந்தையின் பெயர் 'கோ' என்னும் எழுத்தில் தொடங்குவது. பேனாவை ஒரு கணம் நிறுத்தினாள். பின் இரட்டைக் கொம்பை இட்டாள். எவரும் சொல்லித்தரவில்லை. கையொப்பம் இடும் இடம் வந்ததும் தந்தை, "யோசிச்சு செவ்வாய்க்கிழமை சொல்றேன்" என்று படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் என்ன முடிவெடுப்பார் என்பது ஆனியில் பள்ளி திறக்கும்போதுதான் உறுதியாகும். ஆனால், மகள் எழுதியதைச் சட்டைப்பையில் வைத்தபோது அவர் கை அதன்மேல் சற்று நேரம் இருந்ததை நாம் கண்டோம்.

பட்டறிவு கூறுவது

நான்கு மணிப் பேருந்தில் இறங்கும்போது மாணவர்தம் நெறிகளைக் கேட்டறிந்தோம். ஒரே நாள், ஒரே நேரம், மழையானாலும் செல்வது. எக்காலும் இருவராகவே, திறந்த திண்ணையில், ஆசிரியரும் பெற்றோரும் அறிய அமர்வது. பரிசுப் பொருள் கொடுப்பதில்லை. பிள்ளைகளைப் படம் எடுப்பதில்லை. ஓராண்டுக்கு ஒப்புக்கொள்ளாதவரைச் சேர்ப்பதில்லை.

கடைசி நெறி கடுமையாகத் தோன்றலாம். நம் நாட்டில் கல்லூரி மாணவர் தொண்டுக்குப் பழைய மரபு உண்டு. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. அதன் ஏழுநாள் முகாம்கள் எத்தனையோ கிராமங்களில் சாலை அமைத்தன, குளம் தூர்வாரின. குளம் ஏழு நாளில் தூர்ந்த மண்ணை இழக்கும். பிள்ளை ஏழு நாளில் வாசிக்கக் கற்காது. அதற்குத் திரும்பத் திரும்ப வரும் ஆள் வேண்டும்.

அந்த ஆள் பேரறிஞராக இருக்கவேண்டியதில்லை என்பதற்கும் சான்றுண்டு. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் அமைப்பு, பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு, பின்தங்கிய சிறாரைச் சிறு குழுவாக நாளுக்கு இரண்டு மணி நேரம் கற்பிக்கச் செய்தது. பயன் கணிசமானது என ஆய்ந்து 2007-இல் வெளியிட்டோருள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் அடங்குவர். 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்தவர்கள் இவர்கள்.

நம் மாநிலத்திலும் இது மெய்ப்பிக்கப்பட்டது. கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் நீண்டகாலம் திறவாதிருந்தன. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளைகளில் தெருத்திண்ணைகளில் வகுப்பெடுத்தனர். கிராமப்புறச் சிறார் ஏறத்தாழ 19,000 பேரை ஆய்ந்தோர், பள்ளி திறந்த ஆறு மாதத்திற்குள் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கணித்தனர். பச்சைமலையூரின் அந்த மாலை நேர ஆசிரியையும் அத்திட்டத்தில் தொடங்கியவரே.

மேல்வகுப்பினர்க்கும் இத்துணை தேவை. திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழக மாணவர் இக்னிட் என்னும் கற்பித்தல் மன்றம் அமைத்து, அரசுப் பள்ளி மாணவரைப் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துகின்றனர். 2024-இல் பச்சைமலையில் பிறந்த பழங்குடி மாணவி ஒருவரே அக்கழகத்தில் இடம்பெற்ற செய்தியை நாளேடுகள் வெளியிட்டன. மலையேறும் பேருந்தே மலையிறங்கவும் செய்கிறது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

இத்தகைய பிள்ளைகளைக் காண அனைவரும் பச்சைமலைக்குச் செல்லவேண்டியதில்லை. நம் பங்குகளின் எல்லைக்குள்ளேயே செங்கற்சூளையின் அருகிலும், கடற்கரைக் குப்பத்திலும், நகரின் கால்வாயோரத்திலும் இரண்டு ஆசிரியரே உள்ள பள்ளிகள் உள்ளன. ஒருநாள் அங்குச் சென்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் இரண்டாம் வகுப்புப் பாடநூலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மீதியைத் தாங்களே அறிவீர்கள்.

கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ, "சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்" என்று கேட்டால், மதிப்பெண் குறையும் என்று தடுக்கும் பெற்றோர் உளர். திரும்பும் வழியில் நம் கொத்தனார் மகள் கூறியதை அவர்கட்குச் சொல்ல விரும்புகிறோம்: "மூன்று வருடம் கணக்குப் படித்தேன், ஃபாதர். இடமதிப்பு என்றால் என்னவென்று அந்த நூலை அவிழ்த்தபோதுதான் எனக்கே முழுதாய்ப் புரிந்தது." கற்பிப்பவர் இருமுறை கற்கிறார் என்பது பட்டறிந்த உண்மை.

அதே வேளையில், ஆர்வம் மிகுதியால் ஒருமுறை சென்று வரத் துடிக்கும் இளைஞரிடம் நாம் கூறத்தக்கது வேறு. ஓராண்டு செல்ல முடியுமா என்று முதலில் எண்ணிப்பார்க்கட்டும். முடியாதெனில், செல்பவருக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்து உதவலாம், குச்சிகளைக் கட்டித் தரலாம், அதுவும் நற்பணியே. முடியுமெனில் தயங்காமல் புறப்படட்டும். போகும்போதே, தனக்குப்பின் வருபவர் யார் என்பதையும் தேடிக்கொள்ளட்டும்.

தலைவாரிக்கொண்டு மரத்தடியில் காத்திருக்கும் பிள்ளைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அக்கடனை ஒரே நாளில் தீர்க்கவியலாது. சனிக்கிழமை சனிக்கிழமையாகத்தான் தீர்க்கவேண்டும்.